கடுங்குளிரிலும் அடங்காத கண்ணாடி



அணுக்கள் வரிசை தவறாமல் அமைந்த திண்மம் படிகம். உருகிய குழம்பு படிகமாவதற்கு முன்பே குளிர்ந்து இறுகினால், அது கண்ணாடி நிலை. அதன் அணுக்கள் நீர்மத்தில் இருந்த ஒழுங்கின்மையுடனேயே சிறைப்பட்டு நிற்கின்றன. தொட்டால் இரண்டும் கடினமானவையே. வேறுபாடு கடுங்குளிரில் வெளிப்படுகிறது.

தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்போது, மின்கடத்தாப் படிகத்தின் வெப்ப ஏற்புத்திறன் விரைந்து குறையும். வெப்பநிலை பாதியானால் அது எட்டில் ஒன்றாகும். 1971இல் ஆர். சி. செல்லர், இராபர்ட் போல் ஆகிய இருவரும் கண்ணாடிகளை 1 கெல்வினுக்குக் கீழே அளந்தனர். வெப்பநிலை பாதியானபோது ஏற்புத்திறனும் ஏறத்தாழப் பாதியே ஆயிற்று. அவ்வளவு குளிரிலும் உள்ளே ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

1972இல் ஆண்டர்சன், ஆல்பெரின், வர்மா ஆகியோரும், தனியே பிலிப்சும் இதற்கு விளக்கம் தந்தனர். ஒழுங்கற்ற அமைப்பில் சில அணுக்கூட்டங்களுக்கு ஏறத்தாழ ஒத்த ஆற்றலுடைய இரண்டு இருப்பிடங்கள் உண்டு. இடையிலுள்ள ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்க வெப்பம் போதாது. ஆயினும் குவாண்டம் விதிப்படி அதனை ஊடுருவி மறுபுறம் சேரலாம். இவையே இருநிலை அமைப்புகள். இன்றைய குவாண்டம் கணினிகளின் மீக்கடத்திச் சுற்றுகளிலும், மெல்லிய ஆக்சைடு படலங்களில் உள்ள இவை ஆற்றலைப் பறித்துப் பிழை விளைவிக்கின்றன.

காலம் செல்லச் செல்ல இந்த அசைவு அடங்குமா? கண்ணாடி மூப்படையும்போது மூலக்கூறுகள் மெல்லத் தக்க இடம் தேடுகின்றன, ஆற்றல் குறைகிறது, நிலைப்பு மிகுகிறது. ஸ்பெயினின் எல் சோப்லாவோ பகுதியில் கிடைத்த அம்பர், அதாவது இறுகிய மரப்பிசின், 11 கோடி ஆண்டுகள் இவ்வாறு மூத்தது. அதனை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு வியப்பளித்தது: இருநிலை அமைப்புகள் சற்றும் மறையவில்லை.

அதே ஆண்டில் மற்றொரு முடிவும் வந்தது. இண்டோமெத்தசின் என்னும் வலிநீக்கி மருந்தை ஆவியாக்கி, மெல்லப் படியச் செய்து உருவாக்கிய கண்ணாடியில் அவை ஏறக்குறைய மறைந்தேவிட்டன. மேற்பரப்பில் வந்தமரும் மூலக்கூறு, அடுத்தது மூடுமுன் எளிதில் நகர்ந்து தக்க இடம் பெறுகிறது. இவ்வாறு அமையும் அடுக்கமைப்பே காரணம் என ஆய்வாளர் கருதினர்.

இரண்டுமே மிகு நிலைப்புடைய கண்ணாடிகள். அடங்கியதோ ஒன்று மட்டும். எனவே ஆற்றல் குறைந்த நிலை வேறு, அகத்தின் அசைவின்மை வேறு. 'நிலையானது' என்று பாடநூலில் படிக்கும்போது, 'எவ்வகையில் நிலையானது?' என்று மாணவர் கேட்க வேண்டும். ஆசிரியர் அக்கேள்வியை வரவேற்க வேண்டும். அறிவியல் தமிழ் கூர்மை பெறுவது அவ்வாறுதான்.