கொத்துக்கு மேல் ஒரு கூரை

சென்னைக் கொருக்குப்பேட்டைத் தள்ளுவண்டிகளுக்கு வரும் பன்னீர் திராட்சை பெரும்பாலும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. மாம்பழத்தைப் போல இதை வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்க முடியாது. பறித்தபின் திராட்சையில் இனிப்பு ஏறுவதே இல்லை. ஆகவே 500 கிலோமீட்டருக்கும் அதிகமான லாரிப் பயணத்தைப் பழம் தாங்குமா என்பது பெருமளவு தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

கம்பத்தில் கொடிகளைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். இலைகள் மேலே படர, கொத்துகள் கீழே தொங்கும். உச்சிவெயில் பழத்தில் நேராக விழாது. மழைதான் சிக்கல். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் அறுவடை எடுப்பதால், தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் ஏதோ ஒரு தோட்டம் பழுத்து நிற்கும். அப்போது பெய்யும் மழையில் பழம் நீரை உறிஞ்சிப் பருக்கிறது, மெல்லிய தோல் வெடிக்கிறது, வெடிப்பில் பூஞ்சணம் புகுகிறது. நனைந்த இலைகளில் செவட்டை நோய் பரவுகிறது.

இந்த மழையைத் தடுக்கத்தான் பந்தலுக்கு மேல் ஒளி புகும் பாலித்தீன் கூரை. இத்தாலியின் புக்லியா பகுதியில் இது நெடுநாள் வழக்கம். மகாராஷ்டிரத்தின் நாசிக்கிலும் பரவி வருகிறது. இலையும் கொத்தும் நனையாததால் மருந்தடிப்பு குறைகிறது. பக்கங்களை மட்டும் திறந்தே விட வேண்டும். மூடினால் வெப்பமும் புழுக்கமும் தங்கிவிடும்.

நிழல்வலை வேறு. வெயில் கடுமையான வறண்ட இடங்களில் பழம் கருகாமல் அது காக்கிறது. கறுப்பு, சிவப்பு இரகங்கள் 35 டிகிரிக்கு மேல் சரியாக நிறம் பிடிக்காது. அதற்கும் வலை உதவும். வலை அடர்த்தியானால் இனிப்பு ஏறாது. அடுத்த பருவத்துக்கான பூங்குருத்துகள் இப்போதைய மொட்டுக்குள்ளேயே உருவாவதால், மறுவிளைச்சலும் குறையும். இலை அடர்ந்த பந்தலுக்கு வலை வீண் செலவு. நாசிக்கில் வெளிர்நிறக் கொத்துகளைச் செய்தித்தாளில் பொதிந்து காப்பது எளிய, நல்ல முறை.

குளிர்பதனக் கிடங்கில் திராட்சைக்கு ஏறத்தாழ 0 டிகிரியும் 90 முதல் 95 விழுக்காடு ஈரப்பதமும் தேவை. சாம்பல் பூஞ்சணம் அந்தக் குளிரிலும் வளரும். பெட்டிக்குள் கந்தக டை ஆக்சைடு வெளியிடும் தாளை வைப்பது அதனால்தான். ஆனாலும் வெடித்த பழத்தை எந்தத் தாளும் மீட்காது. கூரையடியில் நனையாமல் முதிர்ந்த கொத்தே நாள்பட நிற்கும்.

நேயர்கள் வாங்கும்போது முதலில் காம்பைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் புதிய பழம். பழுப்பேறி ஒடிந்தால் நாளானது. கழுவாமலே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உண்ணும் நேரத்தில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.