அடிச்சது யாரு?

(படப்பையில் தொழிலாளர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இசை ஆராய்ச்சி எதையும் நான் கொண்டுவரல. ஒரகடம் போற கம்பெனி பஸ்ஸுல நாம பேசுற பேச்சைத்தான் கொண்டுவந்திருக்கேன்.

பஸ் கிளம்பினதும் ஒருத்தர் செல்லுல பாட்டு போடுவார். உடனே சண்டை. ராஜாவா, ரகுமானா? 1976-ல 'அன்னக்கிளி' வந்ததும் சினிமாப் பாட்டே மாறிப்போச்சும்பார் ஒருத்தர். தேவாவோட கானாவுக்கு ஈடு உண்டாம்பான் வடசென்னைத் தம்பி. நானும் மல்லுக்கு நிப்பேன். படம், வருசம், பாடினவர் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. தோல்கருவி அடிச்சவர் பேரு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருநாள் பறையடியோட ஒரு பாட்டு. பஸ்ஸே தாளம் போடுது. பக்கத்து சீட்டு நண்பர் சொன்னார்: "எங்க ஊர்ல சாவுக்கு அடிக்கிறவனுங்க குடிச்சிட்டு வந்து நிப்பானுங்க. ஆனா அடின்னா அடிதான்!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தோழர்களே, எங்கப்பா அப்படி அடிச்சவர். நாலு வருசமா அந்த நண்பரும் நானும் ஒரே டப்பாவில் சாப்பிடுறோம். எந்தத் தெருன்னு நான் சொன்னதில்ல.

பாட்டைக் கொண்டாடுறவங்க அதுக்குப் பின்னால இருக்கிற ஆளை ஏன் மறக்கிறாங்க? 2021-ல 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடுச்சு. அதை எழுதி, தீயோட சேர்ந்து பாடினவர் நம்ம அரக்கோணத்து அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதில் இருக்கு. அந்த ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்ல. பா.இரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டாங்க. பிறகுதான் அறிவு இருக்கிற அட்டையும் வந்தது.

இதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கோம். இன்குலாபின் 'மனுசங்கடா'வை கே.ஏ.குணசேகரன் மேடை மேடையாய்ப் பாடினார். இரண்டு பேரையும் 2016-ல இழந்தோம். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் சென்னையில் ஒரே மேடையில் ஏற்றியது. 2025-ல பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ.

சந்தோசம்தான். ஆனா மேடையில் கலையா இருக்கிற அதே பறை, ஊர்ல இன்னும் பல இடத்துல ஊழியம். எங்கப்பா ஒரு சாவுக்கு வரமாட்டேன்னு சொன்னார். மூணு மாசம் எங்களுக்குக் கழனி வேலை கிடையாது. பறையை எரவாணத்தில் சொருகினவர், பிறகு தொடவே இல்ல. என் தங்கச்சி இப்ப ஆசையா அதைக் கத்துக்கிறா. பறையை விடணுமா, எடுக்கணுமான்னு நமக்குள்ளேயே வாதம் இருக்கு. அவர் விட்டதும் சரி, இவ எடுத்ததும் சரி. யார் ஏவி அடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

போன வாரம் பஸ்ஸுல மறுபடி அதே பாட்டு. "எங்கப்பாவும் அடிச்சவர்தாண்ணே"ன்னு சொல்லிட்டேன். பேச்சு நின்னுபோச்சு. மறுநாள் நண்பர் வேற சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டுச் சின்னப் பையன் மட்டும் எட்டிப்பார்த்து, "அப்பா பேரு என்னண்ணே?"ன்னான்.

சொன்னேன்.

அடுத்த முறை பாட்டு ஓடும்போது நீங்களும் கேளுங்க, தோழர்களே. தெரிஞ்சவங்க வாய்விட்டுச் சொல்லுங்க.