மன்னிக்க இவர்கள் யார்?

(போர் எதிர்ப்பு மாநாட்டில் ஆற்றிய உரை)



காபூல் தாலிபானிடம் விழுந்த 2021 ஆகஸ்ட் 15-ஐ, ஏகாதிபத்தியம் மண்ணைக் கவ்விய நாள் என்று சற்று முன் நண்பர் ஒருவர் பேசினார். கை தட்டினீர்கள். அவருக்கு முன்னால் பேசிய அம்மையார், அதே நாளை ஆப்கன் பெண்களை உலகம் கைகழுவிய நாள் என்றார். அதற்கும் தட்டினீர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுப் போரில் செத்த கிராமத்தானைப் பற்றி இந்த மேடையில் இன்னும் யாரும் பேசவில்லை. அவனைக் கொன்றவர்கள் தங்களுக்குத் தாங்களே எப்படி மன்னிப்பு வழங்கிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

2009 செப்டம்பர் 4. ரமலான் மாதம். வட ஆப்கானிஸ்தானத்தில் குண்டூஸ். நேட்டோ படைக்கு எரிபொருள் கொண்டுபோன இரண்டு டேங்கர் லாரிகளைத் தாலிபான்கள் கடத்துகிறார்கள். ஆற்றைக் கடக்கும்போது லாரிகள் மணலில் புதைந்துவிடுகின்றன. பாரம் குறைந்தால்தான் நகரும். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் செய்தி போகிறது: வாருங்கள், எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஏழை வராமல் என்ன செய்வான்? கேனும் வாளியும் கையில் கிடைத்ததெல்லாமும் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஓடி வருகிறார்கள். சிறுவர்களும் வருகிறார்கள்.

சில கிலோமீட்டர் தள்ளி ஜெர்மானிய முகாம். தளபதி கர்னல் கியோர்க் க்ளைன். ஒரே ஒரு உளவாளி சொன்னதை நம்பி, ஆற்றங்கரையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் தாலிபான்கள் என்று அவர் முடிவு செய்கிறார். மேலே வட்டமிட்ட அமெரிக்க விமானிகள், தாழப் பறந்து கூட்டத்தைக் கலைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்கிறார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வேண்டாம், குண்டு போடுங்கள் என்று கட்டளை வருகிறது. இரண்டு குண்டுகள். டேங்கரில் இருந்த எரிபொருளும் சேர்ந்து எரிந்தது. ஏறத்தாழ நூறு உயிர்கள். விடிந்தபோது எந்த உடல் தன் பிள்ளையுடையது என்று பெற்றவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகு நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். ஜெர்மனி ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 டாலர் கொடுத்தது. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 2010-ல் வழக்கை மூடினார்கள். 2013-ல் அந்தக் கர்னல் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். இரண்டு மகன்களைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், தன் மொழி அறியாத நாட்டின் நீதிமன்றங்களில் படியேறினார். இழப்பீடு கிடையாது என்று 2016-ல் ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2021-ல் அங்கும் தோற்றார். பன்னிரண்டு ஆண்டுகள், தோழர்களே! அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்திருந்தால் அதற்குள் வாலிபர்களாகியிருப்பார்கள்.

இப்போது இன்னொரு கேள்வி கேட்கிறேன். லாரியைக் கடத்தியது யார்? எதிரியின் விமானம் வரும் என்று தெரிந்தும், ஒரு ஊரையே அழைத்துத் தன் பாரத்தை இறக்கவைத்தது யார்? அந்தத் தாலிபான் தளபதியை எந்த நீதிமன்றம் விசாரித்தது? அவனிடம் 5,000 டாலர் அல்ல, ஒரு வருத்தச் சொல்லாவது யாராவது வாங்க முடிந்ததா?

இது ஒரு ஊரின் கதை. 2002 ஜூலையில் உருஸ்கான் மாகாணத்தில் ஒரு கல்யாண வீட்டின்மேல் அமெரிக்க விமானத் தாக்குதல், நாற்பதுக்கும் மேற்பட்டோர் சாவு. 2008 ஜூலையில் நங்கர்ஹாரில் பெண்ணழைத்துப் போன கூட்டத்தின்மேல் குண்டு, மணப்பெண்ணோடு சேர்த்து 47 பேர். அடுத்த மாதமே ஹெராத் மாகாணம் அசீசாபாத். ஐ.நா. 90 பேர் என்றது, அவர்களில் 60 குழந்தைகள் என்றது. அமெரிக்க ராணுவம் முதலில் ஐந்தோ ஏழோ என்றது, கைபேசியில் எடுத்த படங்கள் வெளிவந்த பிறகுதான் எண்ணிக்கையை உயர்த்தியது. 2015 அக்டோபர் 3-ல் அதே குண்டூஸ் நகரத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனைமேல் அமெரிக்க விமானத் தாக்குதல். இருக்கும் இடத்தைத் துல்லியமாக எழுதி ராணுவத்திடம் முன்பே கொடுத்திருந்த மருத்துவமனை அது. 42 பேர் செத்தார்கள். படுக்கையிலேயே எரிந்துபோன நோயாளிகள் உண்டு. 16 பேர்மேல் துறை நடவடிக்கை. குற்ற வழக்கு ஒருவர்மேலும் இல்லை.

கடைசிக் கொலை, படைகள் கிளம்புவதற்கு முந்தைய நாள். 2021 ஆகஸ்ட் 29. காபூலில் ஒரு தொண்டு நிறுவன ஊழியர் தன் காரில் வீடு திரும்புகிறார். ட்ரோன் அந்தக் காரை அடிக்கிறது. பத்துப் பேர் சாவு, அதில் ஏழு பேர் குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று முதலில் மார்தட்டினார்கள். பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்த பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். தண்டனை? ஒருவருக்கும் இல்லை என்று அந்த டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

முன்வரிசையில் இருக்கும் தம்பிகளே, உங்கள் கொதிப்பு எனக்குப் புரிகிறது. அந்நியன் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தால் வீட்டுக்காரன் துப்பாக்கி எடுப்பான். எடுக்க அவனுக்கு உரிமை உண்டு. 2001 டிசம்பரில் தோற்றுப்போன தாலிபான்கள் சரணடைந்து ஊர் திரும்ப முன்வந்தபோது, பேச்சுக்கே இடமில்லை என்றது வாஷிங்டன். பிறகு நடுராத்திரிச் சோதனை, நாய்கள், முகமூடி மாட்டி அமெரிக்கர்களின் பாக்ராம் சிறைக்கு இழுத்துப்போவது. 2002 டிசம்பரில் ஒரு டாக்சி ஓட்டுநர், 22 வயதுப் பையன், அந்தச் சிறையில் அடித்தே கொல்லப்பட்டான். அவன் குற்றமற்றவன் என்று விசாரித்தவர்களே நம்பினார்கள். ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு குண்டும் தாலிபானுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது. இதை மறுக்கிறவன் அந்தப் போரைப் பற்றி எதுவும் அறியாதவன்.

ஆனால், அந்நியனை எதிர்த்தான் என்பதற்காக அவன் செய்ததெல்லாம் விடுதலைப் போர் ஆகிவிடாது. 2009 முதல் ஐ.நா. ஆண்டுதோறும் கணக்கு எடுத்தது. அந்த ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் பொதுமக்களை அதிகம் கொன்றது கிளர்ச்சியாளர்கள்தான். எப்படிக் கொன்றார்கள்? பாதையில் புதைத்த வெடியால். அதன்மேல் ஏறுவது ராணுவ வண்டியா, உழவனின் டிராக்டரா, பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் வேனா என்று அந்த வெடிக்குத் தெரியாது. அதைப் புதைத்தவனுக்குத் தெரியும். 2018 ஜனவரியில் காபூலில் ஆம்புலன்ஸ் வண்டிக்குள் வெடிமருந்தை நிரப்பி, சோதனைச் சாவடியில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லி உள்ளே ஓட்டிப்போய் வெடித்தார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நாங்கள்தான் செய்தோம் என்று தாலிபான் அறிவித்தது. ஆம்புலன்ஸைக் குண்டாக மாற்றியவனுக்கும் மருத்துவமனையைச் சுட்டவனுக்கும் இடையில் என்னால் ஒருவனைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களால் முடிந்தால், அந்த ஊர்ப் பெண்ணொருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பழைய கதையும் இதுதான். 1979 டிசம்பரில் சோவியத் படை புகுந்தது. 1989 பிப்ரவரி 15-ல் ஜெனரல் குரோமவ் அமு தரியா ஆற்றுப் பாலத்தைக் கடந்து வெளியேறினார். பத்து லட்சம் ஆப்கானியர்கள் மண்ணோடு போயிருந்தார்கள். வென்ற முஜாஹிதீன்கள் என்ன செய்தார்கள்? 1992 முதல் காபூலையே ராக்கெட் அடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அமெரிக்க உளவுத்துறையின் பணமும் ஆயுதமும் மிக அதிகமாகப் போய்ச் சேர்ந்த ஹெக்மத்யார்தான் அதில் முன்னணி. அவரை 2017-ல் அதே காபூலுக்கு வரவேற்றார்கள்.

அமெரிக்காவும் தாலிபானும் ஒன்றையொன்று அழிக்கத்தான் போரிட்டன என்று நினைக்கிறீர்களா? 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று அறிக்கை தந்தது. படை முகாம்களுக்குச் சோறும் தண்ணீரும் எரிபொருளும் கொண்டுபோக 216 கோடி டாலருக்கு லாரி ஒப்பந்தம். பாதுகாப்பும் ஒப்பந்தக்காரன் பொறுப்பு. அவன் வழியில் இருக்கும் படைத்தலைவர்களுக்குக் கப்பம் கட்டினான். அந்தப் பணம் தாலிபானுக்கும் போயிருக்கக் கூடும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளியின் வரிப்பணம், அமெரிக்கச் சிப்பாயின் காலை எடுக்கப்போகும் வெடியை வாங்கப் போகிறது. அந்தச் சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். 2,400 பேருக்கு மேல் பெட்டியில் திரும்பினார்கள். லாபம் பார்த்தவன் எவனும் பெட்டியில் போகவில்லை.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன். 2007-ல் ஆப்கன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முந்தைய போர்களில் கொலை செய்த தளபதிகள் எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. இயற்றியவர்களில் பலர் அந்தத் தளபதிகளே! எதிர்த்து முழங்கிய பெண் உறுப்பினர் மலாலை ஜோயாவை அதே ஆண்டில் அவையிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். 2014-ல் ஒப்பந்தம். அமெரிக்கச் சிப்பாய் ஆப்கன் மண்ணில் கொலை செய்தாலும் ஆப்கன் நீதிமன்றம் அவனைத் தொடக்கூடாது. 2020 பிப்ரவரி 29, தோஹா. அமெரிக்கத் தூதர் கலீல்சாதும் தாலிபானின் முல்லா பராதரும் கையெழுத்திட்டார்கள். ஆப்கன் அரசுக்கே அந்த மேசையில் நாற்காலி இல்லை. 5,000 தாலிபான் கைதிகள்வரை விடுதலை. அவர்கள் கொன்றவர்களின் வீட்டாருக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. பெண்களுக்கும் ஒரு வரி இல்லை.

நம் ஊர்ப் பஞ்சாயத்தில் வெட்டியவனும் குத்தியவனும் நடுவில் உட்கார்ந்து, இனி நாங்கள் சமாதானம் என்று தீர்ப்புச் சொன்னால், பிணம் கிடக்கும் வீட்டில் ஒப்புவார்களா?

உலக நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2020 மார்ச்சில் எல்லாத் தரப்பையும் விசாரிக்க அனுமதித்தது. தாலிபான், ஆப்கன் ராணுவம், அமெரிக்கப் படை, உளவுத்துறை, எல்லோரையும். என்ன நடந்தது? வழக்கு நடத்த முனைந்த வழக்குரைஞர் ஃபாத்து பென்சூடாமேல் அமெரிக்கா தடை விதித்தது, ஏதோ பயங்கரவாதியைப் போல. அடுத்து வந்த வழக்குரைஞர் கரீம் கான், 2021 செப்டம்பரில், தாலிபானையும் ஐ.எஸ்.ஸையும்தான் முதலில் பார்ப்போம், மற்றவர்களை ஒதுக்கிவைப்போம் என்றார். 2025 ஜூலையில் தாலிபான் தலைவர் ஹிபதுல்லா அகுந்சாதாவுக்குப் பிடியாணை பிறந்தது, பெண்களை ஒடுக்கிய குற்றத்துக்காக. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பெண் குழந்தையை ஆறாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பியவன் கூண்டில் நிற்க வேண்டியவன்தான். ஆனால் பாக்ராம் சிறைக்கான பிடியாணை எங்கே? ஆஸ்திரேலிய சிறப்புப் படை 39 ஆப்கானியர்களைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் உண்டு என்று அந்த நாட்டின் விசாரணையே 2020-ல் சொன்னது. அந்த விவகாரத்தில் முதலில் சிறைத்தண்டனை பெற்றவர் யார் தெரியுமா? ஆவணங்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்த ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைட்!

ஆப்கன் மக்கள் வாய் மூடிக் கிடந்தார்கள் என்று எண்ணாதீர்கள். 2018 மார்ச்சில் ஹெல்மந்த் மாகாணத் தலைநகர் லஷ்கர் காவில், விளையாட்டு மைதான வாசலில் கார் குண்டு வெடித்தது. ஊர் மக்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த மண்ணில் வீட்டுப் படி தாண்டாத பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு சிலர் காபூலுக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரமலான் நோன்போடு, வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல் பகலெல்லாம் நடந்தார்கள். வழியெல்லாம் ஆள் சேர்ந்தது. ஜூன் மாதம் காபூலில் நுழைந்தார்கள். போரை நிறுத்து, பேச்சு நடத்து, அந்நியப் படை வெளியேறத் தேதி குறி என்று கேட்டார்கள். அமெரிக்கத் தூதரகத்தின் முன் உட்கார்ந்தார்கள், ரஷ்ய, பாகிஸ்தான், ஈரான் தூதரகங்களின் முன்பும் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு தாலிபான் ஆளும் பகுதிக்கே நடந்து போனார்கள். தாலிபான் அவர்களைப் பிடித்து வைத்தது. இரண்டு பக்கத் துப்பாக்கிக்கும் நேரே நடந்த அந்தக் கால்களைப் பற்றி எந்தக் கட்சி மேடையில் கேட்டிருக்கிறீர்கள்? தோஹா மேசைக்கு அவர்களில் ஒருவரை அழைத்தார்களா?

நம் அரசையும் விட முடியாது. 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் மக்கள் நசுங்கிக்கொண்டிருந்தபோது, ஆப்கானியர்களுக்கு முன்பு கொடுத்த விசாக்கள் செல்லாது என்று டெல்லி அறிவித்தது. நம் கல்லூரிகளில் இடம் பெற்றிருந்த மாணவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்கு வந்தார். முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் பத்திரிகையாளர் ஒருவர்கூட இல்லை. நம் தலைநகரத்தில், தோழர்களே! எதிர்ப்பு எழுந்த பிறகே இரண்டாவது சந்திப்பில் பெண்களை உட்காரவிட்டார்கள்.

ஆகவே மாநாட்டுத் தீர்மானத்தில் மூன்று திருத்தங்களை முன்மொழிகிறேன். ஆப்கன் போர்க்குற்ற விசாரணையில் ஒதுக்கிவைக்கப்பட்ட அமெரிக்க, நேச நாட்டுப் படைகளையும் உளவுத்துறையையும் மீண்டும் சேர்க்க வேண்டும். தாலிபான் தளபதிகள் பொதுமக்கள்மேல் நடத்திய குண்டுவெடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழக்குப் பதிய வேண்டும், தோஹா ஒப்பந்தம் அதற்குத் தடையாகக் கூடாது. சேர்க்கை பெற்றும் வர முடியாமல்போன ஆப்கன் மாணவர்களுக்கு, முதலில் மாணவிகளுக்கு, இந்திய அரசு உடனே விசா தர வேண்டும். தீர்மானத்தின் இப்போதைய வரைவில் அமெரிக்காவின் பெயர் மட்டும் இருக்கிறது. தாலிபானின் பெயரையும் எழுதாமல் அதை நிறைவேற்றினால் நான் எதிர்த்து வாக்களிப்பேன். தலைவர் அவர்களே, திருத்தங்களை வாக்கெடுப்புக்கு விடுங்கள்.