ஏழும் பத்தொன்பதும்



ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தார்மீது துவேஷம் பாராட்டுவதற்குப் பரம்பரைப் பகையோ, வாய்க்கால் வரப்புத் தகராறோ, பழைய அவமானமோ ஏதேனும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நாம் எண்ணியிருக்கிறோமே, அந்த எண்ணத்தை ஆட்டங்காணச் செய்த பரீட்சை ஒன்றைப் பற்றிப் பேச உத்தேசம்.

அதை நடத்திய ஹென்றி டாஜ்ஃபெல் என்பவர் 1919-இல் போலந்தில் யூதராகப் பிறந்து, பிரான்சில் கல்வி பயின்ற காலத்தில் யுத்தம் மூளவே பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் கைதியானவர். பிரெஞ்சுக்காரர் என்ற பெயரே அவர் உயிரைக் காத்தது. போலந்து யூதர் என்பது வெளிப்பட்டிருந்தால், காவலர்களோடு எத்தனை சிநேகமாகப் பழகியிருந்தும் தலை தப்பியிராது. விடுதலையாகி வந்தபோது குடும்பத்தாரில் அநேகமாக எவரும் மிஞ்சவில்லை.

பிற்காலத்தில் பிரிஸ்டல் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த அவர், 14, 15 வயது மாணவர் 48 பேரை அழைத்து, கிளே, காண்டின்ஸ்கி என்னும் இரு நவீன ஓவியர்களின் சித்திரங்களை, எது யாருடையது என்று சொல்லாமலே திரையில் காட்டி, எவை பிடித்தன என்று கேட்டார். (அதைக் கண்டுபிடிக்கும் வல்லமை எனக்கும் இல்லை, பையன்களைச் சொல்வானேன்?) பின்பு, 'நீ கிளே கட்சி', 'நீ காண்டின்ஸ்கி கட்சி' என்று ஒவ்வொருவனிடமும் தனித்தனியே சொல்லப்பட்டது. உண்மையில் அவர்கள் ரசனைக்கும் அந்தப் பிரிவினைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. குலுக்கிப் போட்ட சீட்டுத்தான்.

அப்புறம் ஒவ்வொருவனும் தனியே அமர்ந்து, பெயர் தெரியாத வேறு இருவருக்குப் பணம் பங்கிட வேண்டும். தனக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத் தந்த தாளில் வரிசையாக இருந்த ஜோடி எண்களில் ஒன்றை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தாளைப் பாருங்கள்: இந்த ஓரத்தில் தன் கட்சிக்காரனுக்கு 19 புள்ளி, மாற்றுக் கட்சிக்காரனுக்கு 25, நடுவில் இருவருக்கும் 13, அந்த ஓரத்தில் தன்னவனுக்கு 7, மற்றவனுக்கு 1. தன்னவன் மீது மெய்யான அபிமானம் இருந்தால் 19-ஐ அல்லவா தொட வேண்டும்? பையன்களின் பென்சிலோ, தன்னவனுக்கு நஷ்டம் வந்தாலும் வரட்டும், அயலான் அவனைவிடத் தாழ்ந்திருந்தால் போதும் என்று, 7 இருந்த பக்கமாகவே சாய்ந்தது. மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அதைவிட இது விசித்திரம். இங்கே எதிரியே கிடையாது.

புள்ளி ஒன்றுக்கு மதிப்பு, ஒரு பென்னியில் பத்தில் ஒரு பங்கு. மற்றவர்கள் தமக்கு ஒதுக்கிய அந்தச் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு, தன் கட்சியில் இருந்தவன் எவன், எதிர்க்கட்சியில் இருந்தவன் எவன் என்பதை அறியாமலே பையன்கள் எழுந்து போனார்கள்.