முக்திநாத் போகும் மோட்டார் சைக்கிள்



நேபாளத்தின் முக்திநாத்துக்கு மோட்டார் சைக்கிளிலேயே போய் வரும் தமிழர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் அதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சென்னையிலிருந்து சோனௌலி எல்லைக்குப் போய்ச் சேரவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். புறப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, என்ன பூட்டு வாங்கலாம் என்று. பூட்டு வேண்டியதுதான். ஆனால் எல்லை தாண்டிய பிறகும் பூட்டு பூட்டாகவே இருக்கும். உள்ளூரில் நம்மைக் காத்துவந்த வேறு சில காவல்கள்தான் அந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

முதலாவது, காப்பீடு. நம் வண்டிக்கு நாம் எடுக்கும் பாலிசி இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் வரைக்கும் அதை நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. பாலிசியிலேயே அதை எழுதித் தருவார்கள். ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு, "எல்லாம் கவர் ஆகும் சார்" என்ற பதிலோடு கிளம்பிவிடாதீர்கள். கையில் தாள் வர வேண்டும்.

அடுத்து, கைப்பேசி. ஆர்.சி. புத்தகத்தையும் உரிமத்தையும் டிஜிலாக்கரில் காட்டிப் பழகிவிட்டோம். அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நேபாளக் காவலருக்குக் கிடையாது. அசல் ஆர்.சி. வேண்டும். வண்டி அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால் அவர்களிடம் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். ஆளுக்குக் கடவுச்சீட்டு, இல்லையென்றால் வாக்காளர் அட்டை. 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் அங்கே பயணச் சான்று ஆகாது. இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. வண்டிக்குள் ஒளித்து வைத்த ஜி.பி.எஸ். கருவியில் இருப்பதும் ஒரு இந்திய சிம் கார்டுதான். ரோமிங் வசதி இல்லாவிட்டால், எல்லை தாண்டியதும் அது ஊமையாகிவிடும்.

எல்லையில் நம் வண்டிக்கு ஒரு சுங்கச் சீட்டு போட வேண்டும். அங்கே பன்சார் என்பார்கள். இத்தனை நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தச் சீட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேதி விக்ரம ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். நம் ஆங்கில ஆண்டைவிட 56, 57 கூடுதலாக. அவர்களுக்கும் புத்தாண்டு ஏப்ரல் நடுவில்தான். அதனால், வேடிக்கையைப் பாருங்கள், நம் வீட்டுத் தினசரிக் காலண்டரின் தமிழ்த் தேதி அதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் ஏறக்குறைய என்பது அபராதத்திலிருந்து காப்பாற்றாது. கடைசி நாள் எது என்று அதிகாரியிடமே கேட்டு, ஆங்கிலத் தேதியில் குறித்துக்கொள்ளுங்கள். திட்டமிட்டதைவிட இரண்டு நாள் அதிகமாகவே கட்டிவிடுங்கள். மலைச்சாலை அடைபட்டால் நாள் தள்ளிப்போகும். சீட்டு காலாவதியான வண்டிக்கு எந்தப் பூட்டும் பாதுகாப்பில்லை.

சாலை அடைபடும் என்று சும்மா சொல்லவில்லை. புட்வல் ஊரைத் தாண்டியதும் வரும் சித்தபாபா பகுதி, மேலிருந்து கல் உருளும் இடம். அதற்காகவே அங்கே மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் வேலையில் இறங்கினார்கள். 2024 ஜூலையில் நாராயண்கட் - முக்லிங் சாலையில், சிமல்தால் என்ற இடத்தில், நள்ளிரவுக்குப் பின் சரிந்த மண் இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. பல பேர் இறந்துபோனார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. எந்த மாதமானாலும் இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொக்ராவைத் தாண்டி பேனி, அங்கிருந்து காளிகண்டகி ஆற்றோரம் ஜோம்சோம். வழியில் ஓடைகள் சாலையைக் கடந்து ஓடும். பனி உருகி வரும் நீர் காலையில் குறைவு, வெயில் ஏற ஏறக் கூடும். ஆழம் தெரியாவிட்டால் முதலில் வேறொரு வண்டி கடக்கட்டும், பாருங்கள். முதல் கியரில், ஒரே சீரான வேகத்தில், கிளட்சைத் தொடாமல் போங்கள். நடுவில் வண்டி சாய்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டதா? உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டர்.

ஜோம்சோம் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிந்தால் காற்று எழும்பும். அங்கே விமானங்களே காலையில்தான் இறங்கி ஏறும். நிறுத்திய வண்டியையும் அந்தக் காற்று சாய்த்துவிடும். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால், வண்டியின் வலப்பக்கம் காற்றைப் பார்த்திருக்கும்படி, கியரில் போட்டு நிறுத்துங்கள்.

பொக்ரா சுமார் 820 மீட்டர் உயரம். முக்திநாத் சுமார் 3,700. ஒரே மூச்சில் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். அதைவிட மோசம், எங்கே பிரேக் பிடிப்பது என்ற நிதானம் குறைந்துவிடும். மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ ஓர் இரவு தங்கி ஏறுங்கள். தலைவலி விடவில்லையென்றால் இறங்கிவிடுவதுதான் வைத்தியம். பெருமாள் அங்கேயேதான் இருப்பார்.

விபத்து நேர்ந்தால் அடிபட்டவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 102, காவல்துறைக்கு 100, போக்குவரத்துக் காவலுக்கு 103. கூட்டத்துக்கு நடுவில் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். நேபாள சிம் ஒன்றை எல்லையிலேயே வாங்கிவிடுவது இதற்காகவும்தான்.

சரி, பூட்டு. முன் சக்கரத்துக்கு ஒரு டிஸ்க் லாக், சட்டத்தோடு சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலி, அவ்வளவு போதும். டிஸ்க் லாக் போட்டதை மறந்து காலையில் வண்டியை நகர்த்திக் கீழே போடுகிறவர்கள்தான் அதிகம். ஹேண்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி நினைவூட்டிக்கொள்ளுங்கள். அறையைப் பார்க்கும் முன் விடுதியின் முற்றத்தைப் பாருங்கள். கேட் உண்டா, இரவில் அதைப் பூட்டுகிறார்களா என்று கேளுங்கள். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மாற்றுச் சாவியை மட்டும் வண்டியிலேயே வைக்காதீர்கள். கூட வருகிறவர் பையில் இருக்கட்டும்.