எந்த ஊர் என்ற கேள்வி

(கனகராயன்குளத்தில் நடந்த நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நான் சலரோகம் பற்றிப் பேசுவேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருப்பார். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பலருடைய குடும்பங்கள் இந்த மண்ணுக்கு ஏன் வந்தன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் சங்கத்தினர் சிலரின் பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். மனிதர் யாவரும் சமம் என்ற 1776 ஆம் ஆண்டுப் பிரகடனம் அவர்களுக்குப் பாடம். அதை வரைந்த தோமஸ் ஜெபர்சன் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர். அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர் அந்நாட்டுப் பிரசைகளாக முடியாது என்று 1857 இல் அங்குள்ள உயர்நீதிமன்றமே தீர்த்தது. ஓர் உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான், 1868 இல், அந்த மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுப் பிரசை என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். எழுதிய பிறகும் தெற்கு மாநிலங்களில் வாக்குரிமை உண்மையாக வர 1965 ஆயிற்று.

அமெரிக்கா எண்பது வருடங்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டதை, இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948 இல் கைவிட்டது. அந்த வருடப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்கள் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? தேயிலைத் தோட்டங்களில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு என்று பங்கு போட்டது. பங்கு போடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கணக்கு ஒரு சட்டத்தால் தீர 2003 வரை சென்றது.

எழுபதுகளின் தோட்டப் பஞ்சமும் 1977 கலவரமும் ஆயிரக்கணக்கானோரை வன்னிக்குத் துரத்தின. அவர்களைக் குடியமர்த்த வவுனியாவில் காந்தீயம் இயக்கத்தை நடத்தியவர்கள் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும். இராஜசுந்தரம் 1983 யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். என் தொழிலைச் செய்தவர் என்பதால் மட்டுமல்ல, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அவர் பெயரை அறியாமல் வளர்கிறார்கள் என்பதாலும் சொல்கிறேன்.

அந்தக் குடும்பங்கள் காடு வெட்டின, வயலில் கூலிக்கு நின்றன. 1997 இல் ஜெயசிக்குறு தொடங்கி இந்த ஏ-9 வீதியில் ஊர்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பியபோது எங்களோடு ஒரே மரத்தடியில் படுத்தன. ஆனால் மீள்குடியேற்றத்தின்போது வீட்டுத்திட்டத்துக்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கேட்டபோது, பலரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. நாற்பது வருடம் உழுத நிலம் இன்னொருவர் பெயரில்.

பல்கலைக்கழகத்தில் என்னிடம் "வன்னியோ?" என்று இழுத்துக் கேட்பார்கள். அந்த இழுவையில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கும். அதே இழுவையோடு "தோட்டக்காடோ?" என்று எங்கள் வகுப்பறையிலும் கேட்டிருக்கிறோமே! சிங்களவர் எங்களைச் சமமாக நடத்தவில்லை என்று மேடையில் முழங்குகிற நாங்கள் இதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகளிடம் விலாசம் கேட்பேன். இங்கேயே பிறந்து, தாயும் இங்கேயே பிறந்த பிள்ளைகள்கூட, "இப்ப இருக்கிறது கனகராயன்குளம், டொக்டர்" என்பார்கள். அந்த "இப்ப" எனக்குக் குத்தும். மூன்றாம் தலைமுறைக்கும் அந்த "இப்ப" முடியவில்லை.

எங்கள் சங்கத்தின் புலமைப்பரிசில் விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள். பெயர், வகுப்பு, தகப்பனின் தொழில். நாலாவது நிரல் "பூர்வீக ஊர்". யார் எப்போது சேர்த்தார்களோ, நல்ல எண்ணத்தோடும் சேர்த்திருக்கலாம். பரிசிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை எங்கள் பாடசாலையில் படிக்கிறாளா, வீட்டில் கஷ்டமா என்ற இரண்டும் தெரிந்தால் போதும். பிற்பகல் பொதுக்கூட்டத்தில் அந்த நிரலை எடுத்துவிடும்படி நான் பிரேரிக்கப்போகிறேன். ஆமோதிக்க ஓர் ஆள் தேவை, அக்காமாரே.