பெட்டிக்குள் ஒரு சிம்



இன்று நோட்டுப் புத்தகத்தை ஓரமாக வையுங்கள். பென்சில் மட்டும் கையில் இருக்கட்டும். நம் மையத்து மேசையில் இருக்கிறதே, இந்த வெள்ளைப் பெட்டி, இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நீங்கள் வைஃபை பெட்டி என்கிறீர்கள். கடையில் சிம் ரவுட்டர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

நான் இஞ்சினியர் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். இந்தப் பெட்டியைக் கெடுத்துத்தான் இதைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலம். நம் மையத்தில் படிக்கும் அக்கா ஒருவர் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபப்படுவார். அவருடைய மகள் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்ப முடியும். அன்று மாலை 5 மணியோடு முடிகிறது. மகள் 2 மணிக்கு இங்கே வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தோம். இணையம் இல்லை. பெட்டியில் விளக்கு எரிகிறது. சிக்னல் விளக்கும் எரிகிறது. இணையம் மட்டும் வரவில்லை.

எனக்குப் பதற்றம். கடைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். "பெட்டி போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க, 3,000 ரூபாய் ஆகும்" என்றார். நம் உண்டியலில் இருந்தது 2,600 ரூபாய். நீங்கள் ஆளுக்கு 20, 30 என்று போட்ட காசு. அதையும் கொடுத்து மேலே கடனும் வாங்குவதா? வேறு வழி தெரியாமல் ஓர் ஊசியை எடுத்தேன். பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் விட்டு அழுத்தினேன். யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம். எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிந்தது. இணையம் வரவில்லை. அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

3 மணிக்கு அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்தார். இடுப்பில் சுற்றிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. விஷயத்தைக் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"ஏம் புள்ள, இதுக்குக் காசு போட்டு எத்தன நாளாச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அக்கா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தினமும் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று அதில் எழுதிவைப்பார். நம் மையத்தில் எழுதக் கற்றபின் தொடங்கிய நோட்டு அது. அந்தக் கிலோ கணக்குக்கு நடுவே ஒரு வரி இருந்தது: "பெட்டிக்கு 30 ரூபாய்". பக்கத்தில் தேதி. அதன் கீழே பெட்டியில் இருக்கும் சிம்மின் பத்து எண்கள். எண்ணிப் பார்த்தோம். அன்றைக்கு 29-வது நாள். நாம் போட்டிருந்தது 28 நாள் திட்டம். முந்தின நாள் இரவோடு முடிந்துவிட்டது.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. காசுதான் தீர்ந்திருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திட்டம் முடியப் போகிறது என்று கம்பெனி முன்கூட்டியே செய்தி அனுப்பும். அது எங்கே போகும்? சிம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். சிம் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு வாய் இல்லை. செய்தி உள்ளேயே கிடந்தது. நாம் யாரும் படிக்கவில்லை.

28 நாள் என்பது ஒரு மாதம் இல்லை. பென்சிலை எடுங்கள். 28-ஐ 13-ஆல் பெருக்குங்கள். 364 வருகிறதா? வருடத்துக்கு 365 நாள். அப்படியென்றால் 12 மாதத்துக்கு 13 தடவை காசு போட வேண்டும். மாதம் ஒருமுறை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 30 நாள் திட்டம் ஒன்றாவது எல்லாக் கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவு போட்டது. கேட்டு வாங்கலாம். எதை வாங்கினாலும் முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கதைக்கு வருகிறேன். என் போனில் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்திருந்தது. ஆனால் பேச முடியும். மூணாறு டவுனில் இருக்கும் என் அண்ணனிடம் நோட்டில் இருந்த எண்ணைச் சொன்னேன். அவர் ரீசார்ஜ் செய்தார். அப்போதும் இணையம் வரவில்லை! ஏன்? நான் ஊசியால் குத்தினேன் அல்லவா? பெட்டிக்குள் எழுதிவைத்திருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. அதற்குள் மணி 4 ஆகிவிட்டது.

கடைசியில் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டோம். போனில் இணையம் வந்தது. போனில் ஹாட்ஸ்பாட் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் போனே வைஃபை பெட்டி ஆகிவிடும். கம்ப்யூட்டரை அதில் சேர்த்தோம். 4.40-க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இதை 2 மணிக்கே செய்திருக்கலாம். சிம்மைப் போனில் போட்டுப் பார்த்திருந்தால், கோளாறு சிம்மிலா பெட்டியிலா என்று அப்போதே தெரிந்திருக்கும்.

சரி, இனி பெட்டிக்குப் போவோம்.

நம் போன் எப்படி டவரோடு பேசுகிறதோ, அப்படித்தான் இதுவும் பேசுகிறது. டவரிலிருந்து வருவதை வாங்கி, வைஃபையாக அறைக்குள் கொடுக்கிறது. ஆகவே இணையம் நின்றால் கோளாறு இரண்டு பக்கத்தில் இருக்கலாம். டவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கலாம். பெட்டிக்கும் நம் போனுக்கும் நடுவில் இருக்கலாம். போனில் வைஃபை அடையாளம் தெரிகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டவர் பக்கம். வைஃபை பெயரே போனில் தெரியவில்லை என்றால் பெட்டிப் பக்கம். பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். ஒரு சின்ன எழுத்துத் தப்பினாலும் சேராது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் கரண்டு. சிரிக்காதீர்கள். பிளக் தளர்ந்திருந்த நாட்கள் உண்டு. பெட்டியோடு வந்த அடாப்டரையே போடுங்கள். மாற்றிப் போட்டால் கரண்டு குறைந்து விளக்கு எரியும், வேலை நடக்காது. கரண்டு கூடினால் பெட்டியே கெட்டுப்போகும். பேட்டரி உள்ள சின்னப் பெட்டியாக இருந்து, அந்தப் பேட்டரி உப்பியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. தீப்பிடிக்கும்.

அடுத்தது சிம். கரண்டை அணைத்துவிட்டுத்தான் சிம்மைத் தொட வேண்டும். சிம்மில் ஒரு மூலை வெட்டியிருக்கும். சிம் போடும் இடத்திலும் அதே படம் இருக்கும். மூலைக்கு மூலை பொருந்த வேண்டும். பொன்னிறத் தகட்டைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். எச்சில் தொட்டுத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். நம் மலையில் மழைக்காலம் முழுவதும் ஈரம். தகட்டில் அழுக்குப் படியும். சின்ன சிம்மைப் பெரிய சட்டத்தில் வைத்துப் போடுவார்களே, அந்தச் சட்டம் உள்ளே மாட்டிக்கொண்டு கம்பியை வளைத்துவிடும். கவனமாகப் போடுங்கள். இன்னொன்று. கம்பெனியே விற்கும் சில பெட்டிகளில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும். வாங்கும்போதே கேளுங்கள்.

சிம்மைப் போனில் போட்டுச் சோதிக்கும்போது, போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள். போனில் இரண்டு சிம் இருந்தால் மற்றதன் டேட்டாவையும் அணையுங்கள். இல்லையென்றால் வேறு வழியில் இணையம் வரும். சிம் நல்ல சிம் என்று தப்பாக நினைத்துக்கொள்வோம்.

சிம் நான்கு எண் பின் கேட்டால் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். மூன்று தடவை தப்பினால் பூட்டிக்கொள்ளும். பிறகு பக் என்று எட்டு எண் கேட்கும். அதைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். அதையும் பத்துத் தடவை தப்பினால் அந்த சிம் செத்த சிம்தான்.

இணையம் வருகிறது, ஆனால் நத்தை வேகம். இதுதான் நீங்கள் அடிக்கடி சொல்லும் புகார். பல திட்டங்களில் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று அளவு உண்டு. அது தீர்ந்தால் வேகத்தை 64 கேபிபிஎஸ் என்று இறக்கிவிடுவார்கள். அந்த வேகத்தில் ஒரு எம்பி உள்ள ஒரே ஒரு போட்டோ வர இரண்டு நிமிடம் ஆகும். நள்ளிரவு தாண்டினால் புது அளவு தொடங்கும். பிள்ளைகள் காலையிலேயே படம் பார்த்துத் தீர்த்துவிட்டு, மாலையில் பெட்டியைத் திட்டிப் பயனில்லை. அளவு தீராமலே மெதுவாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். இரவு 8 மணிக்கு எல்லா லயத்திலும் போன் பார்ப்பார்கள். ஒரே டவர். ஒரே பைப்பில் எல்லோரும் குடம் வைத்த மாதிரிதான். விடியற்காலையில் பாருங்கள், ஓடும்.

இனி சிக்னல். இது நம் மலைக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். 2020-இல் பள்ளிக்கூடங்களை மூடியபோது பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது உங்களுக்கு மறந்திருக்காது. மலை குறுக்கே நின்றால் டவர் அலை தாண்டாது. தகரக் கூரையும் இரும்பு பீரோவும் தடுக்கும். ஆனால் மஞ்சு இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று சொல்கிறோமே, அது சரியில்லை. இந்த அலைக்கு மஞ்சு பெரிய தடை இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டு போகிறது. டவரில் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோகிறது. டவர் நின்றுவிடுகிறது. மஞ்சும் அதே நாளில் வருவதால் பழி அதன்மேல் விழுகிறது.

பெட்டியை பீரோ மேல் அலங்காரமாக வைக்காதீர்கள். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், உயரமாக வையுங்கள். சாரல் படக் கூடாது. நம் பெட்டி முதலில் இந்த மேசை நடுவில் இருந்தது. சிக்னல் ஒரு கோடு. அதோ அந்த மேற்கு ஜன்னலுக்கு மாற்றியதும் மூன்று கோடு. காசு ஒன்றும் செலவில்லை. இடம் மாற்றியதும் உடனே பார்க்காதீர்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். அது டவரைத் தேட வேண்டும்.

கடைசியாக, நான் செய்த தப்பு. அணைத்து எரிய வைப்பது வேறு, ஊசியால் குத்துவது வேறு. அணைத்து, ஒரு நிமிடம் விட்டு எரிய வைத்தால் எதுவும் அழியாது. பல நாள் கோளாறு அதிலேயே தீரும். ஊசி குத்தினால் கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். நாம் வைத்த கடவுச்சொல் போகும். ஏபிஎன் என்ற பெயரும் போகும். ஏபிஎன் என்பது கம்பெனியின் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுத வேண்டும். போன்கள் இதைத் தாமாகவே தெரிந்துகொள்ளும். சில பெட்டிகளும் தெரிந்துகொள்ளும். நம்முடையதற்குத் தெரியவில்லை. மறுநாள் என் அண்ணன் வந்துதான் எழுதிக் கொடுத்தார். பெட்டியின் அடித்தாளில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். கம்ப்யூட்டரில் அந்த எண்ணை அடித்தால் பெட்டியின் உள்பக்கம் திறக்கும். ஏபிஎன்னை அங்கேதான் எழுத வேண்டும். பெட்டிக்கு வந்து கிடக்கும் செய்திகளையும் பெரும்பாலும் அங்கேயே படிக்கலாம். வாரம் ஒருமுறை நாம் சேர்ந்து படிப்போம்.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லை என்றால் அதே கம்பெனியின் சிம் உள்ள போனிலிருந்து 198-க்குக் கூப்பிடுங்கள். காசு இல்லை. புகார் எண் கொடுப்பார்கள். எழுதி வாங்குங்கள், தேதியோடு. பழுது பார்க்கிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது அவர்களாகவே கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். தெரியாமல் சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே 1930.

அக்காவின் மகளுக்கு இடம் கிடைத்தது. முதல் ஆண்டு படிக்கிறாள். என் ஊசியை அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்போது நான் கரண்டை அணைக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் பெரியம்மா, வாருங்கள். பயப்பட வேண்டாம். சிம்மைக் கழற்றி, வெட்டின மூலை எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் காட்டுங்கள்.